வரிக்கும் செலவுக்கும் அரசியலமைப்பு எல்லை: உள்ளூராட்சி மன்றங்கள் ஏன் எதிர்த்தன?

(கலிபோர்னியா, கொலராடோ மாநிலங்களின் அனுபவங்கள்)

1. அறிமுகம்

உள்ளூராட்சி மன்றம் என்றதும் மாணவர்களின் நினைவுக்கு வருவன வீதி, வீதி விளக்கு, குப்பை அகற்றல், நூலகம், சந்தை முதலியனவாகும். இவை யாவும் பணத்தினால் நடைபெறுவன. அப்பணத்தின் ஒரு பகுதி அப்பிரதேச மக்கள் செலுத்தும் வரியிலிருந்து பெறப்படுகின்றது. எனவே, "எவ்வளவு வரி அறவிடலாம்? எவ்வளவு செலவு செய்யலாம்? இதனை யார் தீர்மானிப்பது?" என்பன உள்ளூராட்சி பற்றிய பாடத்தில் தவிர்க்க முடியாத வினாக்களாகும்.

எமது நாட்டு அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரையின்படி, பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் அல்லது ஏற்கனவே நடைமுறையிலுள்ள சட்டத்தின் அதிகாரமின்றி எந்த உள்ளூர் அதிகாரசபையும் வரி விதிக்க முடியாது. இங்கு அரசியலமைப்பு கூறுவது அதிகாரம் எங்கிருந்து வர வேண்டும் என்பதையே. எத்தனை சதவீதம் என்பதை அது கூறவில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் சில மாநிலங்கள் இதனிலும் ஒரு படி மேலே சென்றன. வரியின் உச்ச அளவையும் செலவின் உச்ச அளவையும் மாநில அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தன. நகர சபைகள், கவுண்டிகள், பாடசாலைச் சபைகள் என்பன இதனைக் கடுமையாக எதிர்த்தன. அவ்வெதிர்ப்பின் காரணங்களையும் வழிகளையும் விளைவுகளையும் ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

2. விளங்கிக்கொள்ள வேண்டிய பதங்கள்

ஆதன வரி: வீடு, காணி, கட்டடம் ஆகியவற்றின் பெறுமதியின் மீது அறவிடப்படும் வரி. எம்மவர் பேச்சு வழக்கில் இதனைச் 'சோலை வரி' என்பர்.

கவுண்டி: மாநிலத்தின் உட்பிரிவு. கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள் உள்ளன.

பாடசாலை மாவட்டம்: அமெரிக்காவில் அரசாங்கப் பாடசாலைகளைப் பெரும்பாலும் உள்ளூரில் தெரிவு செய்யப்பட்ட சபைகளே நடத்துகின்றன. இவற்றின் பிரதான உள்ளூர் வருமானம் ஆதன வரியாகும். ஆகவே ஆதன வரி குறைந்தால் வீதியும் விளக்கும் மாத்திரமல்ல, வகுப்பறையும் பாதிக்கப்படும்.

வாக்காளர் பிரேரணை: குறிப்பிட்ட தொகை வாக்காளர் கையொப்பமிட்டு மனுச் செய்தால், ஒரு சட்டத்தையோ அரசியலமைப்புத் திருத்தத்தையோ சட்டசபையினூடாகச் செல்லாது நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்கு விடும் முறை. கலிபோர்னியாவிலும் கொலராடோவிலும் இம்முறை உண்டு.

அரசியலமைப்பு எல்லை: சாதாரண சட்டத்தால் இடப்படும் எல்லையைச் சட்டசபை பின்னர் மாற்றலாம். அரசியலமைப்பில் இடப்பட்ட எல்லையை, மக்கள் மீண்டும் வாக்களித்தாலன்றி மாற்ற முடியாது. இவ்வேறுபாட்டை நன்கு மனதில் இருத்துக. பாடத்தின் எஞ்சிய பகுதி முழுவதும் இதன் மேலேயே கட்டப்பட்டுள்ளது.

3. கலிபோர்னியா 1978: பிரேரணை 13

3.1 பின்னணி

1970 களில் கலிபோர்னியாவில் வீடுகளின் விலை வேகமாக உயர்ந்தது. வீட்டின் சந்தைப் பெறுமதியைக் கவுண்டியின் மதிப்பீட்டாளர் காலத்துக்குக் காலம் மீள மதிப்பிடுவார். பெறுமதி உயர உயர, வரி வீதம் அப்படியே இருந்தாலும் செலுத்த வேண்டிய தொகை கூடிக்கொண்டே போனது. வீட்டுக்காரரின் வருமானமோ அந்த வேகத்தில் உயரவில்லை. ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருந்த முதியோர், கடன் முழுவதையும் கட்டி முடித்துச் சொந்தமாக்கிய வீட்டையே வரியின் பொருட்டு விற்க நேருமோ என அஞ்சினர். அதே வேளையில் மாநில அரசாங்கத்திடம் பல பில்லியன் டொலர் மிகைப்பணம் சேர்ந்திருந்தது. இது மக்களின் சினத்தை மேலும் வளர்த்தது.

இச்சூழ்நிலையில் ஹவார்ட் ஜார்விஸ், போல் கான் ஆகிய இருவரும் முன்னின்று கையொப்பம் திரட்டிய பிரேரணை 13, 1978 ஜூன் 6 ஆம் திகதி வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. வாக்களித்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவளிக்க அது நிறைவேறி, மாநில அரசியலமைப்பின் 13ஏ உறுப்புரை ஆயிற்று. சட்டசபை மாற்றாக முன்வைத்த மிதமான வரிக்குறைப்பாகிய பிரேரணை 8 அதே நாளில் தோல்வியடைந்தது.

3.2 பிரதான ஏற்பாடுகள்

(அ) ஆதன வரி, ஆதனத்தின் பெறுமதியில் 1 சதவீதத்துக்கு மேற்படலாகாது. (வாக்காளர் முன்னர் அங்கீகரித்த கடன்களைத் தீர்ப்பதற்கான வரி இதற்குப் புறம்பானது.)
(ஆ) பெறுமதி 1975-76 ஆம் ஆண்டு மதிப்பீட்டுக்குக் கொண்டு செல்லப்படும். அதன் பின் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் அது உயரலாகாது.
(இ) ஆதனம் கைமாறும்போது அல்லது புதிதாகக் கட்டப்படும்போது மாத்திரம் சந்தை விலைக்கு மீள மதிப்பிடப்படும்.
(ஈ) மாநில வரியைக் கூட்டுவதற்குச் சட்டசபையின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை.
(உ) ஒரு குறித்த நோக்கத்துக்கான விசேட வரியை உள்ளூராட்சி மன்றம் விதிப்பதற்கு வாக்காளரின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை.

3.3 ஒரு கணிப்பு

பின்வருவது விளக்கத்துக்காக அமைத்த உதாரணமாகும். 1975 இல் ஒரு வீட்டின் பெறுமதி 50,000 டொலர் எனக் கொள்வோம். 1 சதவீத வரி 500 டொலர். ஆண்டுக்கு 2 சதவீதம் வீதம் பத்து ஆண்டுகள் உயர்ந்தால், 1985 இல் வரிக்கான பெறுமதி ஏறத்தாழ 60,950 டொலர். வரி ஏறத்தாழ 610 டொலர். அதே மாதிரியான அயல் வீட்டை ஒருவர் 1985 இல் 150,000 டொலருக்கு வாங்கினால் அவர் செலுத்த வேண்டியது 1,500 டொலர்.

இருவருக்கும் ஒரே வீதி, ஒரே விளக்கு, ஒரே பாடசாலை. ஆனால் வரியோ வெவ்வேறு. முதலாமவர் தமது வரி அடுத்த ஆண்டு எவ்வளவு என்பதை முன்கூட்டியே அறிவார். இரண்டாமவர் அயலவரின் சுமையையும் தாம் சுமப்பதாகக் கருதுவார். இவ்வேறுபாடு சமத்துவத்துக்கு முரணானதா என்ற வினா ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1992 இல் அந்நீதிமன்றம் இம்முறை செல்லுபடியாகும் எனத் தீர்ப்பளித்தது.

4. மன்றங்கள் எதிர்த்தமைக்கான காரணங்கள்

1. வருமான இழப்பு: பிரேரணை 13 நடைமுறைக்கு வந்ததும் ஆதன வரி வருமானம் பாதிக்கும் மேலாகக் குறைந்தது. மாநில அரசு தன் மிகைப்பணத்திலிருந்து 4 பில்லியன் டொலருக்கு மேல் வழங்கியதால் முதலாண்டில் பெரும் வீழ்ச்சி தவிர்க்கப்பட்டது. ஆயினும் பல இடங்களில் நூலகம் திறந்திருக்கும் நேரம் குறைக்கப்பட்டது. கோடைகால வகுப்புகள் நிறுத்தப்பட்டன.

2. எல்லோருக்கும் ஒரே அளவு: பெருநகருக்கும் சிற்றூருக்கும் தேவைகள் வேறுவேறு. ஓர் ஊரின் மக்கள் கூடிய வரி செலுத்திச் சிறந்த பாடசாலையை விரும்பலாம். மற்றோர் ஊர் குறைந்த வரியையும் குறைந்த சேவையையும் விரும்பலாம். மாநிலம் முழுவதற்கும் ஒரே எல்லையை எழுதினால் இத்தெரிவு இல்லாமற் போகின்றது என மன்றங்கள் வாதிட்டன.

3. செலவு தம் கையில் இல்லாமை: சிறைச்சாலை, பொதுச் சுகாதாரம், நலன்புரி போன்ற பல கடமைகளை மாநிலச் சட்டமே கவுண்டிகள் மீது சுமத்துகின்றது. கடமையைக் குறைக்காது வரியை மட்டும் குறைப்பது நியாயமன்று என்பது அவற்றின் முறைப்பாடு.

4. நெருக்கடிக் காலத்தில் நெகிழ்ச்சியின்மை: வெள்ளம், காட்டுத்தீ, பொருளாதார மந்தம் என்பன அரசியலமைப்பைப் பார்த்து வருவதில்லை. அவசரத் தேவைக்குக்கூட அடுத்த வாக்கெடுப்பு வரை காத்திருக்க நேரிடலாம்.

5. பிரதிநிதித்துவக் கொள்கை: வரவு செலவைத் தீர்மானிக்கவே மக்கள் உறுப்பினரைத் தெரிவு செய்கின்றனர். அவ்வுறுப்பினர் தவறினால் அடுத்த தேர்தலில் நீக்கலாம். அவ்வதிகாரத்தை முன்கூட்டியே பறித்தால் தேர்தலுக்குப் பொருள் என்ன என அவை வினவின.

5. எல்லையை ஆதரித்தோரின் நியாயங்கள்

ஒரு பக்க நியாயத்தை மட்டும் எழுதும் விடைக்கு முழுப்புள்ளி கிடைப்பது அரிது. ஆகவே மறுபக்கத்தையும் கற்க வேண்டும்.

1. வீட்டு விலை உயர்ந்தபோது எந்த மன்ற உறுப்பினரும் வரியைக் கூட்டுமாறு கை உயர்த்தவில்லை. இருந்தும் மன்றங்களுக்குப் பணம் கூடுதலாக வந்தது. வாக்களிக்காமலே வரி உயர்வது பொறுப்புக்கூறலுக்கு முரணானது.
2. வீடு விற்கப்படும் வரை அதன் விலை உயர்வு வெறும் கடதாசியில் உள்ள இலாபமே. அதற்கு வரியை மாத்திரம் காசாகக் கட்ட வேண்டியிருந்தது.
3. சட்டசபை பல ஆண்டுகளாக இணக்கம் காணத் தவறியது. சாதாரண சட்டத்தால் கிடைக்கும் சலுகை எந்நேரமும் மீளப் பெறப்படலாம் என்பதால் மக்கள் அரசியலமைப்பையே நாடினர்.
4. வரி செலுத்துவோரிடமே நேரடியாகக் கேட்பது மக்களாட்சிக்கு எதிரானதன்று. அதுவே நேரடி மக்களாட்சியாகும்.

மாணவர் கவனத்திற்கு: இரு தரப்பினரும் 'மக்களாட்சி' என்ற ஒரே சொல்லையே பயன்படுத்துவதைக் காண்க. மன்றங்கள் கூறுவது பிரதிநிதித்துவ மக்களாட்சி. எதிர்த்தரப்பினர் கூறுவது நேரடி மக்களாட்சி. விடையில் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுக.

6. மன்றங்கள் எதிர்ப்பைக் காட்டிய வழிகள்

6.1 தீர்மானமும் தகவலும்

ஒரு மன்றம் பிரேரணையை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றலாம். அதனால் ஏற்படக்கூடிய விளைவுகளைப் பக்கச்சார்பின்றி மக்களுக்கு அறிவிக்கலாம். ஆனால் "எதிராக வாக்களியுங்கள்" எனப் பொதுப்பணத்தில் பிரசாரம் செய்யலாமா? கூடாது என்பதே 1976 இல் கலிபோர்னிய உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் வகுத்த விதியாகும். சட்டத்தின் தெளிவான அங்கீகாரமின்றிப் பொது நிதியைத் தேர்தல் பிரசாரத்துக்குப் பயன்படுத்த முடியாது. ஆதரிப்பவரின் வரிப்பணத்தைக் கொண்டே அவருக்கு எதிராகப் பிரசாரம் செய்வது நீதியன்று என்பதே இதன் உட்பொருள்.

6.2 நீதிமன்றம்

பிரேரணை 13 நிறைவேறியதும் பாடசாலை மாவட்டங்கள், அலமேடா கவுண்டி, சன் பிரான்சிஸ்கோ நகரம் முதலியன வழக்குத் தொடுத்தன. அவற்றின் முக்கிய வாதம் யாதெனில், வாக்காளர் பிரேரணையால் அரசியலமைப்பில் 'திருத்தம்' செய்யலாமேயன்றி 'மீள்வரைவு' செய்ய முடியாது என்பதாகும். அரசாங்கத்தின் அடிப்படை அமைப்பையே மாற்றும் பெரும் மாற்றம் மீள்வரைவாகும். அதனைச் சட்டசபையோ அரசியலமைப்பு மாநாடோ முன்மொழிந்த பின்னரே மக்களிடம் விடலாம். உள்ளூர் சுயாட்சியை ஒழிக்கும் பிரேரணை 13 மீள்வரைவே என மன்றங்கள் வாதாடின. 1978 செப்டெம்பரில் கலிபோர்னிய உயர் நீதிமன்றம் இவ்வாதத்தை நிராகரித்தது. அது திருத்தமே என்றும் செல்லுபடியாகும் என்றும் தீர்ப்பளித்தது.

6.3 செலவுக்கும் எல்லை

1979 நவம்பரில் பிரேரணை 4 நிறைவேறியது. மாநிலமும் உள்ளூராட்சி மன்றங்களும் வரி வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் செய்யும் செலவு, சனத்தொகை வளர்ச்சிக்கும் விலைவாசி மாற்றத்துக்கும் ஏற்பவே உயரலாம் என அது விதித்தது. எல்லைக்கு மேற்பட்ட பணத்தை மக்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் எனவும் அது அப்போது விதித்தது. 1987 இல் மாநில அரசு 1.1 பில்லியன் டொலரை இவ்வாறு திருப்பிக் கொடுத்தது. ஆயினும் இப்பிரேரணையில் மன்றங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருந்தது. மாநிலம் புதிய கடமையை மன்றங்கள் மீது சுமத்தினால் அதற்கான செலவை மாநிலமே ஈடுசெய்ய வேண்டும் என்பதே அது.

7. கொலராடோ 1992: வரி செலுத்துவோர் உரிமைச் சாசனம்

கொலராடோ மாநிலத்தில் டக்ளஸ் புரூஸ் என்பவர் வரைந்த திருத்தம் 1992 நவம்பரில் மக்களால் அங்கீகரிக்கப்பட்டது. இது மாநிலத்தையும் அதன் உள்ளூராட்சி மன்றங்கள் அனைத்தையும் கட்டுப்படுத்துகின்றது. இதன் இரு தூண்கள் பின்வருவன:

முதலாவது, வாக்காளரின் சம்மதமின்றி எந்த மன்றமும் வரியைக் கூட்ட முடியாது. கேள்வி எவ்வாறு தொடங்க வேண்டும் என்பதையும் அரசியலமைப்பே வரையறுக்கின்றது. ஆண்டுக்கு எத்தனை டொலர் வரி கூடும் என்பதைக் கேள்வியின் தொடக்கத்திலேயே கூறியாக வேண்டும்.

இரண்டாவது, ஏற்கனவே உள்ள வரியிலிருந்து எதிர்பார்த்ததை விடக் கூடுதலாகப் பணம் வந்தாலும், குறித்த எல்லைக்கு மேற்பட்டதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாநிலத்துக்கு இவ்வெல்லை பணவீக்கமும் சனத்தொகை வளர்ச்சியும் ஆகும். நகரங்களுக்குப் பணவீக்கமும் புதிய கட்டடங்களால் ஏற்படும் வளர்ச்சியும். பாடசாலை மாவட்டங்களுக்குப் பணவீக்கமும் மாணவர் தொகை வளர்ச்சியும்.

7.1 'இறங்கினால் ஏற முடியாத படி'

மன்றங்கள் அதிகம் எதிர்த்தது இரண்டாவது தூணையே. காரணத்தை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்வோம். ஒரு நகரின் வருமானம் 100 இலட்சம் டொலர் எனக் கொள்க. பொருளாதார மந்தத்தால் மறு ஆண்டு அது 90 இலட்சமாகக் குறைகின்றது. மூன்றாம் ஆண்டு மந்தம் நீங்கி வருமானம் 102 இலட்சமாகின்றது. ஆனால் எல்லை கணிக்கப்படுவது குறைந்த 90 இலட்சத்திலிருந்து. 4 சதவீத வளர்ச்சி அனுமதிக்கப்பட்டால் நகரம் வைத்துக்கொள்ளக்கூடியது 93.6 இலட்சம் மட்டுமே. மிகுதி 8.4 இலட்சமும் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். மந்தம் போய்விட்டது, ஆனால் மந்தகால வரவு செலவு நிலைத்துவிட்டது. மாநில மட்டத்தில் இதே சிக்கல் ஏற்பட்டமையால் 2005 நவம்பரில் மக்கள் வாக்களித்து ஐந்தாண்டு காலத்துக்கு எல்லையைத் தளர்த்தினர்.

7.2 மக்களிடம் கேட்டல்

கொலராடோ மன்றங்களுக்குச் சாசனமே ஒரு வாயிலைத் திறந்து வைத்திருந்தது. "மேலதிகமாகச் சேர்ந்த பணத்தை நாம் வைத்துக்கொள்ளலாமா?" என மன்றம் தன் வாக்காளரிடம் கேட்கலாம். இவ்வாறு எல்லையிலிருந்து விடுபடுவதை, சாசனத்தை வரைந்தவரின் பெயரைக் கொண்டு 'புரூஸ் நீக்கம்' என அங்கு அழைப்பர். பெரும்பாலான நகரங்களும் கவுண்டிகளும் பாடசாலை மாவட்டங்களும் காலப்போக்கில் இச்சம்மதத்தைப் பெற்றுக்கொண்டன. தலைநகர் டென்வர் 2012 இல் பெற்றது. இச்சம்மதம் மேலதிகப் பணத்தை வைத்துக்கொள்வதற்கு மட்டுமே. வரியைக் கூட்டுவதற்கு வாக்கெடுப்பு எப்போதும் தேவை.

7.3 இருண்ட வீதிகள்: கொலராடோ ஸ்பிரிங்ஸ்

புரூஸ் வாழ்ந்த நகரமாகிய கொலராடோ ஸ்பிரிங்ஸ் இவ்விடயத்தில் சிறந்த உதாரணமாகும். 2009 நவம்பரில் ஆதன வரியைக் கூட்டும் யோசனையை அந்நகர வாக்காளர் நிராகரித்தனர். அதன் பின் 2010 இல் நகரம் தன் வீதி விளக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றை அணைத்தது. பூங்காக்களுக்கு நீர் பாய்ச்சுவது குறைக்கப்பட்டது. விளக்கு வேண்டுமென்போர் தாமே பணம் செலுத்தித் தம் வீதி விளக்கை மீள எரியச் செய்யும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. பொதுச்சேவை, வாங்கக்கூடியவருக்கான சேவையாக மாறும் நிலை அது. மறுபுறம், தேவையற்ற செலவைக் குறைக்க இதுவே வாய்ப்பு எனக் கூறியோரும் அந்நகரில் இருந்தனர்.

ஆனால் கதை இங்கு முடியவில்லை. 2015 நவம்பரில் நகர மேயர், வீதி திருத்துவதற்கு மாத்திரம், குறித்த காலத்துக்கு மாத்திரம் என வரையறுத்து விற்பனை வரியைக் கூட்டுமாறு கேட்டபோது அதே நகர மக்கள் சம்மதித்தனர். 2019 இல் சற்றுக் குறைந்த வீதத்தில் அதனை நீடிக்கவும் சம்மதித்தனர். வரியையே வெறுத்தவர்கள் என அம்மக்களைக் கூறுவது பொருந்தாது. எதற்காக, எவ்வளவு, எத்தனை காலம் என்பதைத் தெளிவாகக் கூறிய வரியை அவர்கள் ஏற்றனர்.

7.4 நீதிமன்றத்தில் மீண்டும் தோல்வி

சாசனம் மக்கள் பிரதிநிதிகளின் வரி விதிக்கும் அதிகாரத்தைப் பறிப்பதால், ஒவ்வொரு மாநிலத்துக்கும் குடியரசு முறை ஆட்சியை உறுதிப்படுத்தும் சமஷ்டி அரசியலமைப்பு ஏற்பாட்டுக்கு அது முரணானது எனக் கூறி 2011 இல் வழக்கொன்று தொடுக்கப்பட்டது. பின்னர் இவ்வழக்கில் பாடசாலை மாவட்டங்கள், கவுண்டி அதிகாரிகள் முதலியோரே வழக்காளிகளாக எஞ்சினர். பத்து ஆண்டுகளின் பின் 2021 டிசெம்பரில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பில் உள்ளூராட்சி மன்றங்கள் பற்றிய குறிப்பே இல்லை என்பதை இங்கு நினைவிற் கொள்க. அம்மன்றங்கள் மாநிலத்தின் படைப்புகளாகவே கருதப்படுகின்றன.

8. அதிகாரம் யாரிடம் சென்றது?

பாடத்தின் மிக முக்கியமான பகுதி இதுவாகும். 'மன்றத்தின் அதிகாரம் குறைந்தது. ஆகவே மக்களின் அதிகாரம் கூடியது' எனப் பல மாணவர் எழுதுவர். இது பாதி உண்மையே.

1978 இற்கு முன் கலிபோர்னியாவில் ஒவ்வொரு மன்றமும் தனது ஆதன வரி வீதத்தைத் தானே தீர்மானித்தது. பிரேரணை 13 இன் பின் எல்லா மன்றங்களுக்குமாகச் சேர்த்து 1 சதவீதமே அறவிடலாம். அந்த 1 சதவீதத்தை நகரம், கவுண்டி, பாடசாலை என எவ்வாறு பங்கிடுவது? 'சட்டத்தின்படி' எனப் பிரேரணை கூறியது. சட்டத்தை இயற்றுவதோ மாநிலச் சட்டசபை. எனவே பங்கிடும் கை மாநிலத் தலைநகரான சக்கிரமெண்டோவுக்குச் சென்றது. 1992 இலும் 1993 இலும் மாநிலத்துக்குப் பற்றாக்குறை ஏற்பட்டபோது, நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் சென்ற ஆதன வரியின் ஒரு பகுதியைப் பாடசாலைகளுக்கு மாற்றி, அதன் மூலம் மாநிலம் தன் சுமையைக் குறைத்துக்கொண்டது. உள்ளூர் வரியை எல்லையிட்ட மக்கள், அவ்வரி எங்கே செல்ல வேண்டும் என்பதையும் தலைநகர் தீர்மானிக்க வழிவிட்டனர்.

இன்னொரு விளைவும் உண்டு. ஆதன வரியால் பயன் குறைந்ததால் நகரங்கள் விற்பனை வரியை நாடின. விற்பனை நடைபெறும் நகருக்கு அதன் ஒரு பங்கு கிடைப்பதால், வீடமைப்புக்கு இடமளிப்பதை விடக் கடைத்தொகுதிகளையும் மோட்டார் வாகன விற்பனை நிலையங்களையும் கவர்வதில் பல நகரங்கள் போட்டியிட்டன. கட்டணங்களும் உயர்ந்தன. இதற்கும் எல்லையிட 1996 இல் பிரேரணை 218 நிறைவேறியது. உள்ளூர்ப் பொது வரிகளுக்கும் வாக்காளர் சம்மதம் அவசியமென அது விதித்தது.

இவ்வேளையில் மன்றங்கள் தம் வழியை மாற்றிக்கொண்டன. அரசியலமைப்பு எல்லையை எதிர்த்த அவை, இப்போது மாநிலத்துக்கு ஓர் அரசியலமைப்பு எல்லை வேண்டுமெனக் கோரின. மாநிலம் உள்ளூர் வருமானத்தில் எளிதில் கைவைக்க முடியாதவாறு தடுக்கும் பிரேரணை 1ஏ, 2004 நவம்பரில் மிகப் பெரும்பான்மையால் நிறைவேறியது. நகரங்களின் ஒன்றியம் முன்னின்று ஆதரித்த பிரேரணை 22, 2010 இல் அதனை மேலும் இறுக்கியது. தம் கையைக் கட்டும் கயிற்றை எதிர்த்த மன்றங்களே, தம் பணப்பையைக் காக்கும் பூட்டாக அதே கயிற்றைப் பயன்படுத்தின எனலாம்.

9. 2024: பழைய வாதம், புதிய தீர்ப்பு

2024 நவம்பர் வாக்கெடுப்புக்கென மற்றொரு பிரேரணை தயாராகியது. மாநிலத்தின் புதிய வரிகள் யாவும் சட்டசபையின் மூன்றில் இரண்டு ஆதரவுடன் மக்கள் வாக்கையும் பெற வேண்டும், உள்ளூர் விசேட வரிகள் அனைத்துக்கும் வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும், பல கட்டணங்களைச் சட்டசபையோ உள்ளூர்ச் சபையோ தானே நிறைவேற்ற வேண்டும் என்பன அதிலடங்கும். 2022 ஜனவரி 1 இன் பின் விதிக்கப்பட்ட பல வரிகளையும் அது பாதித்திருக்கும். நகரங்களின் ஒன்றியமும் கவுண்டிகளின் சங்கமும் இதனை எதிர்த்தன. ஆளுநரும் சட்டசபையும் வழக்குத் தொடுத்தனர்.

2024 ஜூன் 20 ஆம் திகதி கலிபோர்னிய உயர் நீதிமன்றம், இது திருத்தமன்று, மீள்வரைவே என ஏகமனதாகத் தீர்ப்பளித்து, அதனை வாக்குச்சீட்டிலிருந்து நீக்கியது. 1978 இல் மன்றங்கள் முன்வைத்துத் தோற்ற அதே வாதம் நாற்பத்தாறு ஆண்டுகளின் பின் வென்றது. உள்ளூர் வரிக்கு எல்லையிடலாம். ஆனால் வரி விதிக்கும் அதிகாரத்தின் அடிப்படை அமைப்பையே கையொப்ப மனுவால் மாற்றியமைக்க முடியாது என்பது இரு தீர்ப்புகளையும் சேர்த்து நோக்கும்போது பெறப்படும் முடிவாகும். பிரேரணை 13 தொடர்ந்தும் நடைமுறையில் உள்ளது. மக்கள் வாக்களிக்கும் வாய்ப்பே பறிக்கப்பட்டது என 2024 பிரேரணையின் ஆதரவாளர் குறை கூறினர். அக்குறையும் சிந்திக்கத்தக்கதே.

10. சுருக்கம்

* எல்லை பற்றிய போராட்டம் வரியின் அளவு பற்றியது மாத்திரமன்று. யார் தீர்மானிப்பது என்பதே அதன் மையம்.
* மக்களின் முறைப்பாட்டுக்கு உண்மையான காரணம் இருந்தது. மன்றங்களின் எதிர்ப்புக்கும் உண்மையான காரணம் இருந்தது.
* 1978 இலும் 2021 இலும் மன்றங்கள் நீதிமன்றத்தில் தோற்றன. வாக்காளரிடம் தெளிவாகக் கேட்டபோது பல தடவை வென்றன.
* உள்ளூர் அதிகாரத்தைக் குறைத்தால் அது தானாகவே மக்களிடம் செல்லாது. மேல் மட்டத்துக்கும் செல்லலாம்.
* 2006 இல் மெயின், நெப்ராஸ்கா, ஒரிகன் ஆகிய மூன்று மாநிலங்களின் வாக்காளரும் கொலராடோ மாதிரியைப் பின்பற்றிய யோசனைகளை நிராகரித்தனர்.

11. மாதிரி வினாவும் விடையும்

வினா: "வரிக்கு அரசியலமைப்பில் எல்லையிடுவது உள்ளூர் மக்களாட்சியைப் பலப்படுத்தும்." இக்கூற்றை உதாரணங்களுடன் ஆராய்க.

விடை: இக்கூற்று ஓரளவே பொருந்தும். எல்லை, மன்றத்தைப் பொறுப்புக்கூற வைக்கின்றது. கொலராடோவில் வரியைக் கூட்ட விரும்பும் மன்றம் எத்தனை டொலர் என்பதை வெளிப்படையாகக் கூறிச் சம்மதம் பெற வேண்டும். கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரம் 2015 இல் வீதி திருத்தத்துக்கென வரையறுத்துக் கேட்டமையால் சம்மதம் பெற்றது. இது மக்களாட்சியைப் பலப்படுத்தும் விளைவாகும். எனினும் எல்லை, ஊருக்கு ஊர் வேறுபடும் விருப்பத்துக்கு இடமளிப்பதில்லை. கலிபோர்னியாவில் 1978 இன் பின் ஆதன வரியைப் பங்கிடும் அதிகாரம் மாநிலத்துக்குச் சென்றது. 1992, 1993 ஆம் ஆண்டுகளில் மாநிலம் அதில் ஒரு பகுதியை வேறு வழிக்குத் திருப்பியது. இங்கு உள்ளூர் மக்களாட்சி பலவீனமடைந்தது. ஆகவே எல்லையுடன், மேல் மட்ட அரசின் தலையீட்டைத் தடுக்கும் பாதுகாப்பும், அவசர காலத்தில் மக்களிடம் விரைவாகக் கேட்கும் வழியும் இருந்தால் மாத்திரமே இக்கூற்று பொருந்தும்.

குறிப்பு: இவ்விடையில் கூற்றை ஏற்றல், மறுத்தல், முடிவு என மூன்று படிகள் உள்ளன. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஓர் உதாரணம் எழுதுக. ஆண்டு நினைவில்லையெனில் ஊகித்து எழுத வேண்டாம். நிகழ்வைச் சரியாக விளக்கினாற் போதும்.

12. பயிற்சி

1. பிரேரணை 13 இன் ஏற்பாடுகள் மூன்றைக் குறிப்பிடுக.
2. சாதாரண சட்டத்தால் இடப்படும் எல்லைக்கும் அரசியலமைப்பு எல்லைக்கும் இடையிலான வேறுபாடு யாது?
3. 'திருத்தம்', 'மீள்வரைவு' என்பவற்றை விளக்கி, 1978, 2024 தீர்ப்புகளை ஒப்பிடுக.
4. பொதுப்பணத்தைக் கொண்டு ஒரு மன்றம் பிரசாரம் செய்வது ஏன் தடுக்கப்பட்டுள்ளது?
5. ஒரு நகரின் வருமானம் 200 இலட்சத்திலிருந்து 170 இலட்சமாகக் குறைந்து, மறு ஆண்டு 205 இலட்சமாக உயர்கின்றது. அனுமதிக்கப்பட்ட வளர்ச்சி 5 சதவீதம் எனின் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகையைக் காண்க. (விடை: 26.5 இலட்சம்)
6. உமது ஊரின் வீதி விளக்குகளில் மூன்றில் ஒன்று அணைக்கப்படும் நிலை ஏற்பட்டால், வரியைக் கூட்டுவதற்கு மக்களிடம் சம்மதம் கோரும் ஒரு கேள்வியை வரைக. எதற்காக, எவ்வளவு, எத்தனை காலம் என்பன அதில் இடம்பெற வேண்டும்.